கண்ணு முழிச்சுக்குவானுங்களா?

உடுமலைப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்குக் காலையில் புறப்படும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம் கிடைப்பது பாக்கியந்தான். அதிலும் ஆடி மாதமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று மேல் துண்டைப் பறித்துக்கொண்டு போய்விடும். வழி நெடுகக் காற்றாலைகள் கையை வீசிக்கொண்டு நிற்கும்.

சென்ற ஆடியில் எனக்குக் கிடைத்த அந்தப் பாக்கியத்தை ஓர் எட்டு மாதக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்புப் பொட்டு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், கழுத்தில் ஒரு தாயத்து. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளி உலகத்தை அவன் அதட்டிக்கொண்டே வந்தான். தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவளாம். பக்கத்தில் அவளுடைய தாயார். அதாவது குழந்தைக்கு அம்முச்சி.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க. பையனுக்குக் குடலெறக்கம்னு சொல்லிப் போட்டாங்க. நாளைக்கு ஆப்பரேசனுங்க" என்றாள் தாயார்.

"கத்தி வைக்கறதுக்கு நான் பயப்படலீங்க சாமி" என்று அம்முச்சி குறுக்கிட்டாள். "மயக்கம் குடுக்கறாங்களே, அதுக்குத்தானுங்க பயம். பச்சை மண்ணுங்க. கண்ணு முழிச்சுக்குவானுங்களா?"

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் தாயார் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்: "மூளைக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா? செல்போன்ல என்னென்னமோ போட்டிருக்குதுங்க."

எனக்கு வைத்தியம் தெரியாது. "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி வந்ததும் டீ குடிக்க இறங்கியிருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை. எனக்குப் பழக்கமான மயக்க மருந்து டாக்டர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாலைப் பொழுதுகள் குடைந்து எடுத்தேன். கொஞ்சம் படித்தும் பார்த்தேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிற நேயர்களுக்கு, முக்கியமாகத் தாய்மார்களுக்கு, என்றாவது இது உபயோகப்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சினிமா சமாசாரத்தைத் தீர்த்துவிடுகிறேன். வில்லன் கைக்குட்டையில் எதையோ தெளித்துக் கதாநாயகியின் மூக்கில் வைப்பான். மறு விநாடி அவள் துவண்டு விழுவாள். அடுத்த காட்சியில் கொட்டகை ஒன்றில் தலை கலையாமல் எழுந்து உட்காருவாள். நிஜத்தில் குளோரோபாரம் அவ்வளவு சீக்கிரத்தில் வேலை செய்யாது. அவ்வளவு சாதுவானதும் அல்ல. அந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்டதே ஒரு சிறுமியின் உயிரைக் கொடுத்துத்தான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டியது 1846-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி. அடுத்த மார்ச் மாதத்திலேயே கல்கத்தாவில் ஈதர் கொடுத்துவிட்டார்கள். ரயிலும் தந்தியும் நம் நாட்டுக்கு வராத காலத்தில், கப்பலில் வந்த செய்தி ஐந்தே மாதத்தில் பலித்திருக்கிறது! அதே 1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்ஸன் என்ற டாக்டர் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார். ஈதரைவிட இனிய வாசனை, சீக்கிரம் தூக்கம். எல்லோரும் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் மூன்று மாதங்கூட நீடிக்கவில்லை. 1848-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி, இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தான வியாதி ஒன்றும் இல்லை, வெறும் நகம்! சில நிமிஷங்களுக்குள் அவள் முகம் வெளுத்தது. பதறிப் போய் வாயில் தண்ணீரையும் பிராந்தியையும் புகட்டிப் பார்த்தார்கள். பயன் இல்லை. குளோரோபாரத்தால் இறந்ததாகப் பதிவான முதல் ஆள் அந்தப் பெண்தான். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையாவது ஊற்றினால் அது எங்கே போகும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் அம்முச்சியின் கதைக்கு இது வேண்டும்.

குளோரோபாரம் எப்படிக் கொல்கிறது, மூச்சை நிறுத்தியா, இருதயத்தை நிறுத்தியா என்பதில் ஐம்பது வருஷம் சண்டை நடந்தது. அந்தச் சண்டையின் பெரிய களம் லண்டன் அல்ல; நம்முடைய ஹைதராபாத்! அங்கே ரெஸிடென்ஸி ஆஸ்பத்திரியில் இருந்த எட்வர்ட் லாரி என்ற டாக்டர், "மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை" என்று சத்தியம் செய்தார். நிஜாம் பணம் கொடுத்தார். 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மிருகங்களை வைத்துப் பரீட்சை செய்தன. லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற நிபுணரை வரவழைப்பதற்கு மட்டும் நிஜாம் ஆயிரம் பவுன் கொடுத்தாராம். இந்தப் பரீட்சைகளில் கலந்துகொண்டவர்களில் ரூபா பாய் பர்துன்ஜி என்ற பார்ஸி மாதுவும் ஒருவர். லாரியின் மாணவி. மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட உலகத்தின் முதல் பெண் டாக்டர் என்று இவரைச் சொல்கிறார்கள். நம் நாட்டில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

லாரி சொன்னது பாதி சரி. மூச்சைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் 1911-ல் கூட்மன் லெவி என்பவர், லேசான மயக்கத்தில்கூடக் குளோரோபாரம் இருதயத்தைத் திடீரென்று தடுமாறச் செய்து நிறுத்திவிடும் என்று நிரூபித்தார். ஆகவே மூச்சு, நாடி இரண்டையும் கவனிக்க வேண்டும் என்பது முடிவாயிற்று. இன்று குளோரோபாரம் ஆபரேஷன் தியேட்டரை விட்டே போய்விட்டது. அதற்குப் பின் 1956-ல் ஹாலோத்தேன் வந்தது. இப்போது குழந்தைகளுக்கு அதிகமாகக் கொடுப்பது செவோபுளுரேன். முகத்தில் முகமூடியை வைத்தால் குழந்தை திமிறாமல் சில மூச்சுகளிலேயே தூங்கிவிடும். நிறுத்தினால் சீக்கிரத்தில் விழித்துக்கொள்ளும்.

"அப்படியானால் குழந்தைக்குப் பயமே இல்லையா?" என்று என் டாக்டர் நண்பரைக் கேட்டேன்.

"பயம் எங்களுக்கு உண்டு. அதனால்தான் குழந்தை பிழைக்கிறது" என்றார் அவர்.

பிறகு அவர் சொன்னதைக் கூடியவரையில் எளிதாகச் சொல்கிறேன். குழந்தை என்பது சின்ன அளவில் தைத்த பெரிய மனிதன் அல்ல. பனியன் கம்பெனியில் எண்பது செண்டிமீட்டர் சைஸைக் குறைத்து நாற்பது போடுவது போல, பெரியவர்களுக்குச் செய்வதைப் பாதியாகக் குறைத்துக் குழந்தைக்குச் செய்ய முடியாது. உடம்பின் எடைக்குக் கணக்குப் பார்த்தால், கைக்குழந்தைக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு பிராண வாயு வேண்டும். ஆனால் அதைச் சேமித்து வைக்கும் இடமோ குறைவு. பெரியவருக்கு முன்கூட்டியே நிறையப் பிராண வாயு கொடுத்துவிட்டு மூச்சு நின்றால்கூட, உடம்பில் அது குறைவதற்குப் பல நிமிஷங்கள் ஆகும். கைக்குழந்தைக்கு இரண்டு நிமிஷத்துக்குள்ளேயே குறைய ஆரம்பித்துவிடும். 'கொஞ்சம் பொறு, பார்க்கலாம்' என்று சொல்ல அங்கே நேரம் இல்லை.

மூச்சுக் குழாயும் அப்படியே. பெரியவருக்குக் குழாய்க்குள் ஒரு மில்லி மீட்டர் வீங்கினால் தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். நாலு மில்லி மீட்டர் அகலமே உள்ள குழந்தையின் குழாயில் சுற்றிலும் அதே ஒரு மில்லி மீட்டர் வீங்கினால், வழியில் நாலில் மூன்று பங்கு அடைத்துப் போகும். நாக்கு பெரிது, தலை கனம், மயங்கியதும் தலை முன்னால் மடங்கி வழியை அடைத்துக்கொள்ளும். ஐந்து கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே நானூறு மில்லிதான். இரண்டு டம்ளர்! பெரியவர்கள் ஆபரேஷனில் கணக்கில் சேர்க்காத ரத்தம் இங்கே பெரும் நஷ்டம். அதனால் ரத்தம் தோய்ந்த துணியைக்கூட எண்ணிப் பார்க்கிறார்கள். குழந்தையின் உடம்புச் சூடும் வெகு சீக்கிரம் இறங்கும். ஏ.ஸி. தியேட்டரில் குழந்தையைச் சுற்றி ஏன் வெந்நீர்ப் பையும் கம்பளியும் என்று கேட்காதீர்கள்.

மருந்து முழுவதும் எடைக் கணக்கு. ஆகவே ஆஸ்பத்திரியில் குழந்தையை நிறுத்துப் பார்க்கவில்லை என்றால் நீங்களே, "எடை பார்க்கலீங்களா?" என்று கேளுங்கள். போன மாதம் தடுப்பூசி போட்டபோது இருந்த எடை இந்த மாதத்துக்கு ஆகாது.

குழந்தைகளுக்கு என்று தனியாக யோசித்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிலிப் ஏர் என்று இங்கிலாந்தில் ஒரு மயக்க மருந்து டாக்டர். ஹன்னா கிரீனர் இறந்த அதே நியூகாசில் பகுதியில் வேலை பார்த்தவர். இவரே பிறவியில் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவர். அதே குறையுடன் வரும் கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கிற வேலை இவரிடம் வந்தது. அக்காலத்து இயந்திரங்களில் வால்வுகள் கனமானவை. பச்சைக் குழந்தை அவற்றைத் தள்ளி மூச்சு விடுவதற்குள் களைத்துப் போகும். 1937-ல் இவர் செய்தது என்ன? வால்வுகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு கட்டைக்கு நடுவில் இன்னொரு கட்டையை நிறுத்தியது போல் மூன்று வாய் உள்ள ஒரு சின்னக் குழாயைப் போட்டார். அவ்வளவுதான்! குழந்தைகள் ரோஜா நிறத்தோடு விழித்தன. 1950-ல் லிவர்ப்பூலில் ஜாக்ஸன் ரீஸ் என்பவர் அதன் வாலில் ஒரு சிறு ரப்பர்ப் பையைச் சேர்த்தார். அந்தப் பை மூச்சோடு சேர்ந்து உப்பிச் சுருங்குவதைக் கையில் உணரலாம். ஜீவன் கையில் துடிப்பது போல. இன்றைக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் குழந்தை ஆபரேஷன் நடக்கும்போது அந்தக் குழாயும் பையும் தயாராக இருக்கும்.

விரலில் மாட்டுகிற 'கிளிப்'பைக் கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்துவிட்டோம். அது 1974-ல் ஜப்பானில் தாகுவோ அவோயாகி என்ற இஞ்சினீயர் கண்டது. சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெளிச்சமும் விரல் வழியாகப் பாய்ந்து, ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு என்று சொல்லிவிடும். அதற்கு முன்னால் டாக்டர்கள் உதடு நீலம் பாரிக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். நம் பக்கத்துக் குழந்தைகளின் கருத்த நிறத்தில் நீலத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். இந்தக் கருவி வந்த பிறகு அந்தச் சங்கடம் பெருமளவு குறைந்தது. ஆபரேஷன் அன்று குழந்தைக்கு நகச்சாயம் பூசாதே என்று நர்ஸ் சொல்வது இதற்காகத்தான்.

கருவி இருந்தும் மனிதன் தவறினால்? அதையும் சொல்லிவிட வேண்டும். 2016-ம் வருஷம் மே மாதம், மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டிய தியேட்டர் ஒன்றில் இரண்டு சின்னக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. டாக்டர்களின் கை தவறவில்லை. மருந்தும் தவறவில்லை. சுவருக்குள் பதித்த குழாய்களில் பிராண வாயுக் குழாயும், சிரிப்பூட்டும் வாயு என்று சொல்லும் நைட்ரஸ் ஆக்ஸைடுக் குழாயும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன! பிராண வாயு என்று நம்பித் திறந்த குழாயில் வேறொன்று வந்தது. உயிரைக் காப்பாற்ற எவ்வளவு அதிகமாகத் திறந்தார்களோ, அவ்வளவும் பாதகமாயிற்று. சிலிண்டர்களில் இப்படி மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு வாயுவுக்கும் வெவ்வேறு இடத்தில் துளையும் முளையும் வைத்திருக்கிறார்கள். பிராண வாயு சிலிண்டருக்குக் கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும், மற்றதற்கு நீலமும் அடையாளம். ஆனால் சுவருக்குள் இருக்கும் குழாய்க்கு யார் சாட்சி? புதிய தியேட்டரைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு வாயிலும் என்ன வருகிறது என்று ஒரு சிறு கருவியால் அளந்து பார்ப்பதுதான் சாட்சி. நாடா வெட்டுவதற்கு மந்திரி கிடைக்கிற நாளைப் பார்க்கிறவர்கள் அந்தக் கருவியையும் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனே வேண்டாம் என்று வீட்டுக்கு ஓடிவிடக் கூடாது. எட்டு மாதக் குழந்தைக்குக் குடல் இறக்கம் இருக்கும்போது, "வளரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதில் ஆபத்து அதிகம். இறங்கிய குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது முதல் வயதில்தான் அதிகம். அப்போது நடுராத்திரியில், வாந்தியும் வீக்கமுமாக, வயிறு நிறைந்த குழந்தைக்கு அவசரமாக மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். நாள் பார்த்துச் செய்வது எங்கே, நள்ளிரவில் செய்வது எங்கே!

ஐரோப்பாவில் 33 தேசங்களில் 261 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து, குழந்தைகளுக்குக் கொடுத்த 31,127 மயக்கங்களைக் கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஐந்து தடவை மூச்சிலோ இருதயத்திலோ கவலைப்படும்படியான சிக்கல் ஏற்பட்டிருக்கிறது. மூச்சுச் சிக்கல்தான் முக்கியம். அநேகமாக எல்லாவற்றையும் அங்கேயே சமாளித்துவிட்டார்கள். குழந்தை எவ்வளவு சின்னதோ, அவ்வளவு சிக்கல் அதிகம். மயக்கம் கொடுப்பவருக்குக் குழந்தைகளிடம் அநுபவம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு சிக்கல் குறைவு. பிறந்து சில நாளே ஆன சிசுக்களை நம் ஊர் டாக்டர்கள் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவது திறமைக் குறைவால் அல்ல. இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்ததால்.

ஆபரேஷன் என்றால் நாம் எல்லோரும் சர்ஜன் பெயரைக் கேட்கிறோம். "யாரு கத்தி வைக்கறாங்க?" என்று விசாரிக்கிறோம். மயக்கம் யார் கொடுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். அவர் குழந்தைகளுக்கு அடிக்கடி கொடுப்பவரா, ஆபரேஷன் முடியும் வரை அங்கேயே இருப்பாரா என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோயம்புத்தூரில் இன்று பெரிய கட்டடமாக நிற்கும் கங்கா ஆஸ்பத்திரியை 1978-ல் சின்ன நர்ஸிங் ஹோமாக ஆரம்பித்த ஷண்முகநாதன், சர்ஜன் அல்ல, மயக்க மருந்து டாக்டர்தான்!

இனி அந்தத் தாயாரின் ரகசியக் கேள்விக்கு வருவோம். செல்போனில் அவள் படித்தது முழுப் பொய் அல்ல. அரை உண்மை. 2003-ல் அமெரிக்காவில், பிறந்து ஏழே நாளான எலிக்குஞ்சுகளுக்கு ஆறு மணி நேரம் தொடர்ந்து மயக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையின் உயிரணுக்கள் சேதமடைந்தன; பின்னால் அந்த எலிகள் கற்றுக்கொள்வதிலும் மந்தமாக இருந்தன. உலகமெங்கும் டாக்டர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. 2016 டிஸம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து இலாகா ஓர் எச்சரிக்கை விட்டது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது பல தடவை, மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடும் என்று. செல்போனில் ஊர் சுற்றுவது இந்த எச்சரிக்கைதான். 'மூன்று மணி நேரத்துக்கு மேல், பல தடவை' என்ற வார்த்தைகள் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன.

எலிக்கு ஆறு மணி நேரம் என்பது அதன் ஆயுள் கணக்கில் மிக நீளமான காலம். மனிதக் குழந்தைக்கு எப்படி? ஏழு தேசத்து டாக்டர்கள் சேர்ந்து 722 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் நம் பஸ் பையனைப் போலவே குடல் இறக்க ஆபரேஷனுக்கு வந்தவை, அவனைவிடச் சின்னவை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் செவோபுளுரேன் மயக்கம், மறு பாதிக்கு முதுகில் மரத்துப் போகும் ஊசி மட்டும், மயக்கம் இல்லை. ஐந்து வயது ஆகும் வரை காத்திருந்து அந்தக் குழந்தைகளின் புத்தியைச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் சராசரி மதிப்பெண் கிட்டத்தட்ட 99! வித்தியாசமே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கத்தால் குழந்தையின் புத்தி மழுங்குவதில்லை என்று நம்பிச் சொல்லலாம்.

நீண்ட ஆபரேஷன்களும், திரும்பத் திரும்பச் செய்வனவும் வேறு விஷயம். அங்கே ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. ஆனால் இருதயத்தில் ஓட்டையுடன் பிறந்த குழந்தைக்கு ஐந்து மணி நேர ஆபரேஷன் வேண்டும் என்றால், மயக்கத்துக்குப் பயந்து அதை நிறுத்த முடியுமா? தள்ளிப் போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளலாமா என்று டாக்டரிடம் பேசலாம். அதற்குமேல் தாயார் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கு என்று தனியாக ஒன்று உண்டு. மூச்சுக் குழாயை வைக்கும்போது தசைகளைத் தளர்த்துவதற்கு 'ஸ்கோலின்' என்ற ஊசி போடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் அதன் வேகம் போய்விடும். ரத்தத்தில் உள்ள ஒரு பொருள் அதைக் கரைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பொருள் இருப்பதில்லை. அவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் தெளிய வேண்டியது பல மணி நேரம் ஆகும். அதுவரை தானாக மூச்சு விட வராது. தென்னிந்தியாவில் ஆரிய வைசியக் குடும்பங்களில் இது கூடுதலாக இருப்பதைக் கோவை பாரதியார் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து, பரம்பரையில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதையும் 2006-ல் கண்டு சொன்னார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொள்கிற எந்தக் குலத்திலும் இம்மாதிரி ஒன்று ஒளிந்திருக்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. முன்னால் தெரிந்தால் வேறு மருந்து கொடுப்பார்கள். தெரியாமல் கொடுத்துவிட்டாலும், இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்துக் காத்திருந்தால் தானே தெளியும். ஆகவே, "எங்கள் பெரியப்பா ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை" என்பது போன்ற குடும்பக் கதை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சளியையும் மறைக்காதீர்கள். மூக்கு ஒழுகுகிற குழந்தையின் குரல்வளை மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும். நாள் குறித்தாகிவிட்டது, லீவு போட்டாகிவிட்டது என்று மூக்கைத் துடைத்துத் துடைத்துக் காட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள். காய்ச்சலும் இருமலும் இருந்தால் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், தள்ளிப் போடுவது வழக்கம். ஆடுகிற பல் இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

இனி அம்முச்சியின் கதை. கோயம்புத்தூரில் இறங்கும்போது தாயாரின் செல்போன் நம்பரை வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டபோது அவளே விவரமாகச் சொன்னாள்.

ஆபரேஷன் காலை எட்டரை மணிக்கு. பசும்பால், பிஸ்கட்டு, கஞ்சி எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் நாலு மணி நேரம் வரை. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் வரை கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். (இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. அதற்கும் மேல் பட்டினி போடுவதும் தவறு. சின்னக் குழந்தைக்குச் சர்க்கரை குறைந்துவிடும்.) தாயார் நாலு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வரும்போது மணி ஆறு. பையன் அழுகை நிறுத்திச் சமத்தாக இருந்தான். வாய் ஓரத்தில் பிஸ்கட்டுத் தூள்.

"என்னம்மா குடுத்தே?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. பால்ல நனைச்சுக் குடுத்தேன். வகுறு ஒட்டிப் போயிக் கெடக்கறான். யாருக்குந் தெரியாது, நீ பேசாம இரு."

பேசாமல் இருந்திருக்கலாம். வேலை செய்கிற இடத்தில் இரண்டு நாள் லீவுக்கே கெஞ்சி வாங்கி வந்தவள். இன்னொரு நாள் என்றால் ஒரு நாள் கூலி போகும். தன் தாயாரை நர்ஸுகளுக்கு முன்னால் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. எட்டு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. மயக்க மருந்து டாக்டரம்மா குனிந்து, "கடைசியாக என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டாளாம்.

"நாலு மணிக்குப் பால்னு வாய் வரைக்கும் வந்திருச்சுங்க" என்றாள் அவள் என்னிடம். "அப்பறம் சொல்லிப்போட்டேனுங்க."

மயக்கத்தில் வயிற்றின் வாசல் தளரும். உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால், இருமி வெளியே தள்ளுவதற்குத் தூங்குகிற குழந்தைக்குச் சக்தி இல்லை. பால் நுரையீரலுக்குள் போவது சாதாரண விஷயம் அல்ல. நியூகாசிலில் பிராந்தியைப் புகட்டியவர்களுக்குத் தெரியாத அந்த விஷயம் இது. வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குப் போய் என்ன செய்கிறது என்பதை மெண்டல்ஸன் என்ற அமெரிக்க டாக்டர் 1946-ல் விளக்கமாக எழுதிவைத்தார்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னாள். அம்முச்சியின் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து, "பாட்டிம்மா, நீங்க கொடுத்ததைச் சொன்னதாலே குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. சொல்லாம இருந்திருந்தாத்தான் வம்பு" என்று பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னாளாம். அன்றைய அட்டவணையில் இடம் இல்லாததால் ஆபரேஷன் மறுநாள் காலைக்குப் போயிற்று. அம்முச்சி அன்றிரவு தானும் சாப்பிடவில்லை.

மறுநாள் அரைஞாணையும் தாயத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். மின்சாரத்தால் ரத்தத்தை நிறுத்துகிற கருவி வேலை செய்யும்போது உலோகம் உடம்பில் இருந்தால் சுட்டுவிடும். அம்முச்சி அவற்றை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். பையன் தூங்கிய பிறகு, வலி தெரியாமல் இருக்க முதுகின் அடியில் ஓர் ஊசியும் போட்டார்களாம். தியேட்டருக்குள் போய் ஐம்பது நிமிஷத்துக்குள் உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது.

"அது நம்ம பையந்தானுங்க. அவன் சத்தம் எங்கம்மாவுக்குத் தெரியாதுங்களா? எந்திரிச்சுக் கதவுகிட்டயே போயிட்டாங்க" என்றாள் தாயார்.

"இப்போது எப்படி இருக்கிறான்?" என்று கேட்டேன்.

"செல்போனைப் புடுங்கறானுங்க" என்றாள். அத்துடன் லைன் கட்டாகிவிட்டது.